வேலையும் வேண்டும், மனச்சான்றும் வேண்டும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)

நம் நிகழ்ச்சிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை செப விண்ணப்பங்கள்தாம். மகளுக்கு வரன் அமைய வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும், கணவர் குடியை விட வேண்டும் என்று எழுதுவார்கள். சென்ற மாதம் கொடைரோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதம் வேறு மாதிரியானது. அவர் வேலை கேட்டு எழுதவில்லை. கிடைத்த வேலையை என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தார்.

அவர் ஒரு செவிலியர். விடியுமுன் எழுந்து, வீட்டு வேலையை முடித்து, மல்லிகைப் பூ மூட்டைகளோடு நிலக்கோட்டையிலிருந்து வண்டிகள் வந்து போகும் அந்த நேரத்தில் பேருந்து ஏறுகிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை. படிப்புக்காக வாங்கிய கல்விக் கடன் இன்னும் பாதி பாக்கி. தந்தை திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர், இப்போது முடியாமல் படுத்திருக்கிறார். கடிதத்தின் நடுவில் இப்படிக் கேட்கிறார்: “அடுத்த மாதம் முதல் எனக்கு ஆபரேஷன் தியேட்டர் டியூட்டி. அங்கே பிரசவ ஆபரேஷனும் நடக்கும், கருக்கலைப்பும் நடக்கும். நான் கத்தோலிக்கப் பெண். முடியாது என்று சொன்னால் வேலை போய்விடும். சரி என்று நின்றால் நன்மை வாங்க எப்படிப் போவேன், ஃபாதர்?”

இந்தக் கேள்வியை அவர் ஒருவருடைய கேள்வியாக நாம் நினைக்கவில்லை. கணக்கு எழுதும் இடத்தில் பொய்க் கணக்கு எழுதச் சொல்லப்படும் தம்பிக்கும், மதுக்கடையில் விற்பனையாளராக இருக்கும் அண்ணனுக்கும், அலுவலகத்தில் மேலதிகாரி நீட்டும் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய அக்காவுக்கும் இதே கேள்விதான். ஆகவே இன்று இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மனச்சான்று என்பது என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 16ஆம் எண், மனச்சான்றைப் பற்றிப் பேசுகிறது. மனிதர் தம் உள்ளத்தின் ஆழத்தில் கடவுளோடு தனித்திருக்கும் இடம் அது என்பது அதன் கருத்து. அங்கே ஒலிக்கும் சட்டம் நாமே எழுதிக்கொண்டதல்ல, நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனச்சான்று வேறு, மனவிருப்பம் வேறு. “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதும் “என் மனச்சான்று இடம் கொடுக்கவில்லை” என்பதும் ஒன்றல்ல. நோயாளி வேறு சாதி என்பதால் காயத்தைத் தொட மறுக்கிறவர், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர் என்பதால் ஊசி போடத் தயங்குகிறவர், திருமணமாகாமல் கருவுற்றவள் என்பதால் முகம் கொடுத்துப் பேசாதவர் ஆகிய எவரும் மனச்சான்று என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமையற்றவர்கள். உண்மையான மனச்சான்று ஒரு செயலை மறுக்கும். ஒரு மனிதரை ஒருபோதும் மறுக்காது. இன்றைய சிந்தனை முழுவதையும் தாங்கும் தூண் இந்த வேறுபாடுதான்.

முதலில் மறுத்தவர்கள் செவிலியரே

அதிகாரத்தின் ஆணைக்கு மனச்சான்றின் பெயரால் “மாட்டோம்” என்று சொன்னவர்களைத் திருவிவிலியத்தில் தேடினால், தொடக்கத்திலேயே நமக்குக் கிடைப்பவர்கள் இரண்டு மருத்துவச்சிகள். விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று அவர்களுடைய பெயர்கள் வருகின்றன. பார்வோனின் பெயரை எழுதாத அந்த நூல், இந்த இரு பெண்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. எபிரேயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது அரச ஆணை. அவர்கள் கடவுளுக்கு அஞ்சினார்கள், குழந்தைகளை வாழ விட்டார்கள்.

ஆனால் அவர்கள் மருத்துவச்சி வேலையை விட்டுவிடவில்லை என்பதைப் பாருங்கள். பிரசவம் பார்ப்பதைத் தொடர்ந்தார்கள். வேலைக்குள் இருந்துகொண்டே, வேலையின் உண்மையான நோக்கத்துக்கு எதிரான அந்த ஒன்றை மட்டும் செய்ய மறுத்தார்கள். உயிரைக் காப்பதுதான் மருத்துவச்சியின் தொழில். பார்வோன் கேட்டதோ அந்தத் தொழிலுக்கே துரோகம். அப்படியானால், அவர்களுடைய மனச்சான்றும் தொழிலும் ஒரே பக்கம் நின்றன, ஆணைதான் எதிர்ப்பக்கம் நின்றது.

நம் பகுதியிலும் இதற்கு ஒரு நேரடி எடுத்துக்காட்டு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. சேலத்தில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. வந்ததற்குக் காரணம் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். பிறந்தபின் கொல்வது குறைந்த இடங்களில், பிறக்குமுன்பே ஸ்கேன் பார்த்து அழிப்பது நுழைந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆகவே ஸ்கேன் சென்டரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளே, “சைகையிலாவது சொல்லிவிடு” என்று முதலாளியோ உறவினரோ கேட்டால், உங்கள் மறுப்புக்கு மனச்சான்றும் துணை, நாட்டின் சட்டமும் துணை. இங்கே தயங்க வேண்டியதில்லை.

சட்டம் துணை நிற்காதபோது

கொடைரோட்டுச் சகோதரியின் நிலை இதைவிடக் கடினமானது. ஏனென்றால் அவரிடம் கேட்கப்படுவது, சட்டம் சில வரம்புகளுக்குள் அனுமதிக்கும் ஒன்று. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் அது கருக்கலைப்பை அனுமதிக்கிறது.

இந்தச் சட்டத்தில், மனச்சான்றின் காரணமாக விலகிக்கொள்ள விரும்பும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ விலக்கு அளிக்கும் தனிப் பிரிவு எதுவும் இல்லை. அதுமட்டுமல்ல, இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வெளியிட்ட மருத்துவர் நடத்தை விதிகளில் ஒன்று, மருத்துவத் தேவை இருக்கும்போது சமயக் காரணத்தை மட்டுமே காட்டிக் கருத்தடை, கருக்கலைப்பு போன்றவற்றுக்கு உதவ மருத்துவர் மறுக்கக்கூடாது என்கிறது. தமக்கு அதில் போதிய திறமை இல்லை என்று கருதினால் மட்டும் விலகலாம். அந்த விதி மருத்துவர்களைக் குறித்து எழுதப்பட்டது, செவிலியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் அது எந்தத் திசையில் பார்க்கிறது என்பது நமக்குத் தெரிகிறது.

பிற நாடுகளிலும் நிலைமை ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்திலேயே மனச்சான்று விலக்கு உண்டு. தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவருடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான நிரந்தரப் பாதிப்பு வராமல் தடுக்கவோ வேண்டிய நேரத்தில் மட்டும் அந்த விலக்கு செல்லாது. கிளாஸ்கோ நகரில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்த கத்தோலிக்க மருத்துவச்சிகள் இருவர், தாங்கள் நேரடியாகச் செய்யாவிட்டாலும், பிறரை அந்த வேலைக்கு நியமிப்பதும் மேற்பார்வை செய்வதும்கூடத் தங்கள் மனச்சான்றை உறுத்துகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2014 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், கையால் நேரடியாகப் பங்கெடுப்பதை மட்டுமே அந்த விலக்கு காக்கும் என்று தீர்ப்பளித்தது. ஸ்வீடன் நாட்டில் அந்த விலக்கும் இல்லை. அங்கே வேலை கிடைக்காத மருத்துவச்சிகள் இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2020இல் அவர்களுடைய மனு ஏற்கப்படவில்லை.

நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, அறநெறி, நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. இதை நீதிமன்றங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேரளத்தில் ‘யெகோவாவின் சாட்சிகள்’ பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அவர்கள் எவரையும் அவமதிக்கவில்லை, அவர்களுடைய நம்பிக்கை உண்மையானது என்று கண்டது.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2017இல் இராணுவத்தில் சேர்ந்த ஓர் இளம் கிறித்தவ அதிகாரி, சீக்கிய வீரர்கள் அடங்கிய பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தார். வாராந்தர சமய அணிவகுப்புக்குத் தம் வீரர்களோடு கோவிலுக்கும் குருத்வாராவுக்கும் வந்தார். ஆனால் உள்ளே கருவறைக்குச் சென்று வழிபாட்டில் பங்கெடுக்க மட்டும் விலக்குக் கேட்டார். வீரர்களின் ஒற்றுமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் அது தேவை என்றது இராணுவம். 2021இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கத்தை உறுதி செய்தன. இது சமயச் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வி அல்ல, சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிய கேள்வி என்று உயர் நீதிமன்றம் கருதியது.

இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சீருடை அணிந்த பணியில், சம்பளம் வாங்கும் பொறுப்பில், மனச்சான்றுக்குச் சட்டம் தரும் இடம் குறுகலானது. ஆகவே “சட்டம் என்னைக் காக்கும்” என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு முடிவு எடுக்கக்கூடாது. மறுப்பதானால் அதன் விலையையும் எண்ணிப் பார்த்துத்தான் மறுக்க வேண்டும்.

எது வரை என் பங்கு?

அப்படியானால் திருச்சபை என்ன சொல்கிறது? புனித இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் மடலின் 73, 74ஆம் எண்களில் இதைப் பற்றிக் கூறுகிறார். கருக்கலைப்பில் நேரடியாகப் பங்கெடுக்க மறுப்பது ஒவ்வொருவருக்கும் உள்ள கடமை, அது அடிப்படை உரிமையும்கூட என்பதே அவரது போதனை.

ஆனால் மருத்துவமனையில் வேலை செய்பவருக்கு அடுத்த கேள்வி உடனே எழும். “எது நேரடி? எது மறைமுகம்? கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக் கொடுப்பது என் பங்கா? கருவிகளைக் கொதிக்க வைப்பது? ரெஜிஸ்டரில் பெயர் எழுதுவது? அறையைக் கழுவுவது?”

இதற்கு அறநெறி இறையியலில் பழைய, தெளிவான ஒரு வழி உண்டு. அதைச் செப்பனிட்டுத் தந்தவர்களில் முக்கியமானவர் புனித அல்போன்சுஸ் லிகோரி. மூன்று கேள்விகளாக அதைச் சுருக்கலாம்.

முதல் கேள்வி: அந்தத் தீமை நடக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேனா? விரும்பினால், நான் செய்யும் வேலை எவ்வளவு சிறியதானாலும் அது என் பாவமே.

இரண்டாம் கேள்வி: நான் விரும்பவில்லை, ஆனால் என் செயல் அந்தத் தீமைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? என் கை இல்லாமல் அது நடக்காது என்ற அளவுக்கு அருகிலா? அல்லது எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக நான் செய்யும் வேலையா?

மூன்றாம் கேள்வி: அதைச் செய்யாமல் இருக்க எனக்கு எவ்வளவு பாரமான காரணம் தடையாக இருக்கிறது? தீமைக்கு எவ்வளவு அருகில் போகிறோமோ, அவ்வளவு பாரமான காரணம் வேண்டும். மிக அருகில் போய்விட்டால் எந்தக் காரணமும் போதாது.

1679ஆம் ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட், தவறு என்று கண்டித்த கருத்துகளில் ஒன்று வேலைக்காரன் ஒருவனைப் பற்றியது. ஒரு பெண்ணைக் கெடுக்கச் சன்னல் வழியே ஏறும் தன் எசமானுக்கு, நோக்கம் தெரிந்தே ஏணி தூக்கி வருகிறான். “செய்யாவிட்டால் அடிப்பார், வேலையை விட்டுத் துரத்துவார்” என்ற பயத்தால் செய்ததால் அது பெரும் பாவமல்ல என்று சிலர் வாதாடினார்கள். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் உண்மையானது, அதைத் திருச்சபை மதிக்கிறது. ஆனால் ஏணியைப் பிடிக்க அது போதுமான காரணமல்ல.

அதே நேரம் திருவிவிலியம் இன்னொரு காட்சியையும் காட்டுகிறது. அரசர்கள் இரண்டாம் நூல் 5ஆம் அதிகாரத்தில், தொழுநோய் நீங்கிய படைத்தலைவன் நாமான் இறைவாக்கினர் எலிசாவிடம் ஒரு தயக்கத்தைச் சொல்கிறான். “இனி ஆண்டவரைத்தான் வழிபடுவேன். ஆனால் என் அரசர் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையைத்தான் பிடித்துக்கொள்வார். அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டும். இதை ஆண்டவர் மன்னிப்பாரா?” என்பது அவன் கேள்வியின் பொருள். வேலையை விட்டுவிடு என்று எலிசா சொல்லவில்லை. அமைதியோடு போ என்கிறார். அரசரைத் தாங்கிப் பிடிப்பது அவனுடைய பணி, வழிபடுவது அவனுடைய நோக்கம் அல்ல.

இந்த இரண்டு மனிதர்களுக்கும் நடுவில்தான் நம் வேலைகள் பெரும்பாலும் நிற்கின்றன. ஏணி பிடிக்கிறோமா, அரசரின் கையைப் பிடிக்கிறோமா என்று நாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

செவிலியருக்குச் சில தெளிவுகள்

இதை மருத்துவமனைக்குப் பொருத்திப் பார்ப்போம். கருக்கலைப்பு நடக்கும் மேசையருகே நின்று அதற்கெனக் கருவி எடுத்துக் கொடுப்பது மிக அருகில் நிற்கும் செயல். அதைத்தான் மறுக்க வேண்டும். எல்லா அறுவைக்கும் பொதுவாகக் கருவிகளைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பது, சாப்பாடு கொடுப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது ஆகியவை தொலைவில் நிற்பவை.

கருக்கலைப்பு செய்துகொண்டு வார்டுக்கு வந்த பெண்ணைக் கவனிப்பதோ மறுக்கவே கூடாத பணி. அவளுக்கு இரத்தப்போக்கு இருக்கலாம், காய்ச்சல் வரலாம், அழுகை வரலாம். யாருடைய வற்புறுத்தலால் வந்தாள் என்பது நமக்குத் தெரியாது. அவளைத் தொட்டுக் கவனிப்பது உடன்போவது அல்ல, இரக்கம்.

சிலர் குழப்பிக்கொள்வதையும் சொல்லிவிடுகிறோம். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்ட பிறகோ, கரு தானாகவே கலைந்த பிறகோ செய்யப்படும் டி அண்ட் சி கருக்கலைப்புப் பாவம் அல்ல. தாயின் உயிருக்கு ஆபத்தான நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையில், விரும்பாமலே குழந்தையை இழக்க நேர்வதும் குழந்தையைக் கொல்ல நோக்கம் கொண்ட செயல் அல்ல. கருக்குழாயில் கரு தங்கி, வெடிக்கும் நிலையில் வரும் பெண்ணுக்குச் சேதமடைந்த குழாயை அகற்றுவது இப்படிப்பட்டது. இத்தகைய அவசர நேரத்தில் “நான் கத்தோலிக்கப் பெண்” என்று ஒதுங்கி நிற்பது மனச்சான்று அல்ல, அறியாமை. அந்த அறியாமை ஓர் உயிரைக் குடித்துவிடும்.

இன்னொன்று, வாய்க்காவல். சின்ன ஊர்களில் நோயாளியும் செவிலியரும் ஒரே தெருவாக இருக்கலாம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிடுவதை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பெண்ணின் துயரத்தைக் கோவில் வாசலில் பேசுவது, நாம் மறுத்த பாவத்துக்குப் பதில் இன்னொரு பாவத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வதாகும்.

வேலையை விடு என்று சொல்லாத திருமுழுக்கு யோவான்

மதுக்கடையில் வேலை செய்யும் சகோதரர்களை நாம் மறக்கவில்லை. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 இறுதியிலிருந்து சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. பட்டம் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் அங்கே மேற்பார்வையாளராகவும் விற்பனையாளராகவும் சேர்ந்தவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ஞாயிறு காலை திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். மறையுரையில் மது ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது தலைகுனிகிறார்கள்.

யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வரி தண்டுவோரும் படைவீரரும் வந்து, “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டதை லூக்கா 3ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டுமே அன்று மக்கள் வெறுத்த தொழில்கள். தொழிலை விட்டுவிடுங்கள் என்று யோவான் சொல்லவில்லை. வரி தண்டுவோரிடம், குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கூலியோடு நிறைவடையுங்கள் என்றார்.

அந்த அளவுகோல் இன்றும் பொருந்தும். சீட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதிருங்கள். 21 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கொடுக்காதிருங்கள், அது சட்டமும்கூட. தள்ளாடி வருபவருக்கு இன்னொரு பாட்டிலை நீட்டாதிருங்கள். வேறு வேலைக்கான முயற்சியைக் கைவிடாதிருங்கள். இன்றைக்கு முடிந்த இந்த நான்கையும் செய்கிறவர், நாளைக்கு முடியப் போகும் ஐந்தாவதற்குத் தம்மைத் தயார் செய்கிறார்.

விலை கொடுத்தவர்கள்

எல்லாப் போராட்டமும் சமரசத்தில் முடியாது. சில நேரம் கோடு கிழித்து நிற்க வேண்டியிருக்கும். நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயம் அப்படி நின்றவர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பதவி போனது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் பொதுநிலையினர், குடும்பஸ்தர், அரசு ஊழியர். நம்மில் ஒருவர்.

ஆஸ்திரியாவில் அருளாளர் பிரான்ஸ் யாகர்ஸ்டேட்டர் ஒரு விவசாயி. ஹிட்லரின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். மருத்துவப் பணியாளராக வேண்டுமானால் வருகிறேன் என்றார். குடும்பத்தை நினைத்துப் பார் என்று திருச்சபையில் இருந்தவர்களே அறிவுரை கூறினார்கள். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டார். மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று பெண் பிள்ளைகளும் ஊராரின் ஏச்சையும் வறுமையையும் பல ஆண்டுகள் சுமந்தார்கள். 2007இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அந்த மனைவி தொண்ணூறு வயதைக் கடந்தவராக அந்தத் திருப்பலியில் அமர்ந்திருந்தார்.

இதை ஏன் சொல்கிறோம்? மறுத்தவர் ஒருவர், விலை கொடுத்தது ஒரு குடும்பம். ஆகவே, “மனச்சான்றின்படி நட” என்று பீடத்திலிருந்து சொல்லிவிட்டு, வேலை இழந்து வரும் பிள்ளையைக் கைவிடும் பங்குச் சமூகம் பாதி நற்செய்தியைத்தான் அறிவிக்கிறது. நம் பங்கில் ஒருவர் இப்படி வேலை இழந்தால், அவருக்கு அடுத்த வேலை தேடிக் கொடுக்க யார் அலைவது? இரண்டு மாதக் கடன் தவணைக்கு யார் உதவுவது? வின்சென்ட் தே பவுல் சபையினரும், அன்பியங்களும், பங்குப் பேரவையும் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று அன்போடு கேட்கிறோம்.

எப்படி மறுப்பது?

தானியேல் நூலின் முதல் அதிகாரம் நமக்கு ஒரு நல்ல பாடம். அரச உணவை உண்டு தம்மைத் தீட்டுப்படுத்திக்கொள்ள விரும்பாத தானியேல், தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தவில்லை. பொறுப்பாளரிடம் பணிவாகப் பேசினார். பத்து நாள் காய்கறி உணவு கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு மாற்று வழியையும் கையோடு கொண்டுபோனார். இதனால் தம் தலைக்கு ஆபத்து வரும் என்று அரசரின் அலுவலர் அஞ்சியதையும் அந்த அதிகாரம் சொல்கிறது.

ஆகவே, முன்கூட்டியே சொல்லுங்கள். நோயாளி மேசையில் படுத்தபின் சொல்வது மனச்சான்று அல்ல, கைவிடுதல். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலில் நேரில் பேசுங்கள், பிறகு சுருக்கமாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு பணி முடியாது என்பதை மட்டும் எழுதுங்கள், மற்ற எல்லாவற்றையும் செய்வேன் என்பதையும் எழுதுங்கள். மாற்றாக எதைத் தருகிறீர்கள் என்று சொல்லுங்கள். தீபாவளி இரவு டியூட்டியோ, யாரும் விரும்பாத அவசரப் பிரிவோ எதுவானாலும் சரி. அந்த வேலையைச் செய்யும் தோழியரைத் தாழ்வாகப் பேசாதீர்கள். அதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த ஓர் அருள்பணியாளரிடமும், அனுபவமுள்ள ஒரு மூத்த செவிலியரிடமும் ஆலோசனை கேளுங்கள். தனியாக முடிவெடுக்கும் மனச்சான்று எளிதில் பயந்துவிடும், அல்லது எளிதில் பெருமை கொண்டுவிடும்.

கொடைரோட்டுச் சகோதரிக்கு நாங்கள் எழுதிய பதிலின் சாரம் இதுதான். அவரிடமிருந்து போன வாரம் இரண்டாம் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தாராம். இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கோபப்பட்டாராம். அவர் கத்தோலிக்கர் அல்ல. மறுநாள் கூப்பிட்டு, “அந்தக் கேஸ் இருக்கிற நாளில் உன்னைப் பிரசவ வார்டில் போடுகிறேன். ஆனால் ஆள் குறைவாக இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது” என்றாராம். மூன்று மாதத்துக்கு இந்த ஏற்பாடு. அதற்குப் பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது தெரியாது. கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார்: “முதல் வாரமே, தியேட்டரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தேன், ஃபாதர். என் கையை விடவே இல்லை. காலையில் பெயர் கேட்டாள். சொன்னேன்.”

அவருடைய வேலைக்காகவும், அந்த இன்சார்ஜ் சிஸ்டருக்காகவும், பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் இந்த வாரம் உங்கள் குடும்பச் செபத்தில் ஓர் அருள் நிறை மரியே சொல்லுங்கள். இறைவன் நம் அனைவருக்கும் தெளிந்த மனச்சான்றையும், அதன்படி நடக்கும் துணிவையும், அப்படி நடப்பவருக்குத் தோள்கொடுக்கும் அன்பையும் அருள்வாராக. ஆமென்.